முட்டுக் கொடுக்காமல் தூக்கிய பைக்

எங்கள் விவசாயக் கந்தோரில் என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. வரிப்பத்தான்சேனைப் பக்கம் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் சிக்கிய ஒரு விவசாயியை, நான் தன்னந்தனியாகப் பைக்கைத் தூக்கிப் பிடித்துக் காப்பாற்றினேன் என்பது அந்தக் கதை. நான் ஓய்வு பெற்ற நாள் பிரியாவிடைக் கூட்டத்திலும் ஒருவர் அதை மேடையில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்று நன்றி சொன்னேன். பைக்கைத் தூக்கினேன் என்பது உண்மை. காப்பாற்றினேன் என்பது உண்மையில்லை.

கடந்த மாதம் ரிஸ்னா தொலைபேசியில் அழைத்தார். நான் கடைசியாக வேலை செய்த கந்தோரில் இப்போது விவசாயப் போதனாசிரியராக இருப்பவர். புதிதாக வந்த உத்தியோகத்தர்களுக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்திருக்கிறார்களாம். ஒரு வாரத்துக்குள் இரண்டு பேர் விழுந்துவிட்டார்களாம். ஒருவர் விழுந்த பைக்கை இழுத்துத் தூக்கப்போய், முதுகு பிடித்துக்கொண்டு லீவில் இருக்கிறாராம்.

“சேர், எப்பிடித் தூக்கிறதெண்டு நீங்க ஒருக்கா எழுதித் தாங்க. ஆதம்பாவா காக்காவ நீங்க காப்பாத்தின கதையையும் சேத்து எழுதுங்க. கதை இரிந்தாத்தான் எங்கட ஆக்கள் வாசிப்பாங்க.”

“எழுதிறன்” என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் அது அவ்வளவு இலேசில்லை என்று விளங்கியது. தூக்கும் முறையை எழுதலாம். ஆனால் அந்தக் கதையை எழுதுவதானால் உள்ளபடி எழுத வேண்டும். உள்ளபடி எழுதுவதானால், அது ஊருக்குத் தெரிய முன் அந்த விவசாயிக்கு, ஆதம்பாவா காக்காவுக்கு, தெரிய வேண்டும். வரிப்பத்தான்சேனைக்குப் போய் அவரைக் கண்டு வந்துவிட்டேன். இனி எழுதலாம்.

விவசாயப் பாடசாலையில் இரண்டு வருடம் படித்தேன். மண், விதை, பூச்சி, உரம் என்று எல்லாம் சொல்லித் தந்தார்கள். நியமனம் கிடைத்து, வரிப்பத்தான்சேனை அடங்கிய இறக்காமப் பக்கம் அனுப்பியபோது கையில் ஒரு மோட்டார் சைக்கிளைத் தந்தார்கள். அதைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. காட்டுப் பாதைக்கென்று செய்த, உயரமான, கனத்த பைக் அது. டாங்கி நிரம்பப் பெற்றோல் அடித்தால் இரண்டு மூட்டை நெல்லின் பாரம் இருக்கும். காலையில் கல்முனைக்குடியில் என் வீட்டிலிருந்து புறப்பட்டால், பகல் முழுவதும் வயல் வரம்பிலும் வாய்க்கால் கட்டிலும்தான் ஓட்டம். முதல் வருடத்தில் பதினைந்து தடவையாவது விழுந்திருப்பேன். விழுவது, பல்லைக் கடித்துக்கொண்டு ஹாண்டிலைப் பிடித்து இழுத்துத் தூக்குவது, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்ப்பது. இதுதான் எனக்குத் தெரிந்த முறை. இளம் வயது, முதுகு தாங்கியது.

எனக்குப் பத்து வருடச் சேவை ஆனபோது தவமணி மிஸ் எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார். கல்முனையில் பிறந்து, வெளி மாவட்டங்களில் பல காலம் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. எங்களுடையதைப் போன்ற அதே கனத்த பைக்கில், நீளக் காற்சட்டையும் ஆண்களின் நீளக்கைச் சேர்ட்டும் போட்டுக்கொண்டு வருவார். கந்தோருக்குள் போய்ச் சாரிக்கு மாறிக்கொள்வார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பிழை செய்தவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிட நாலு ஏச்சு ஏசினால் பரவாயில்லை என்று இருக்கும்.

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை எங்கள் கூட்டம். அவர் வந்த முதல் மாதமே, கூட்டம் முடிந்ததும் எங்கள் ஒன்பது பேரையும் கந்தோரின் பின்பக்கம் வரச் சொன்னார். அங்கே வைக்கோல் பரப்பி, அதன்மேல் தன்னுடைய பைக்கைப் பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தார்.

“இத ஒராள் தூக்கி நிப்பாட்டுங்க.”

கூட்டத்தில் ஆள் பெரியவன் நான்தான். போய் ஒரே இழுவையில் தூக்கி நிறுத்தினேன். மற்றவர்கள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

“முதுகு எப்படி இருக்கு?”

“நல்லா இரிக்கி மிஸ்.”

“ஐம்பது வயசிலயும் இதே பதிலச் சொல்லுவீங்களா?”

பிறகு அவரே பைக்கை மெதுவாக மறுபடி சாய்த்துப் படுக்க வைத்தார். தூக்கத் தொடங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏன் நிற்கிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

“விழுந்த உடன பைக்கத் தொடக்கூடாது. முதல்ல உங்களப் பாருங்க. கை கால் அசையுதா, எங்கயாவது இரத்தம் வருதா? விழுந்த பதட்டத்தில ஒண்டும் தெரியாது. மூச்சு ஆறும்வரைக்கும் நில்லுங்க. பைக் எங்கயும் போகாது.”

அதன்பின் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். டாங்கிக்குக் கீழே இருக்கும் பெற்றோல் குழாயை மூடினார். பைக் எந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறது என்று எங்களையே சொல்லச் சொன்னார். வலப் பக்கம். அப்படியானால் இடப் பக்கத்துச் சைட் ஸ்டாண்ட் மேலே இருக்கும், அதை இப்போதே இழுத்து விட வேண்டும். நிமிர்ந்த பைக் மறுபக்கம் சாய்ந்தாலும் ஸ்டாண்டில் நிற்கும். இடப் பக்கம் விழுந்திருந்தால் ஸ்டாண்ட் அடியில் போய்விடும், தூக்கி முடிந்த பிறகுதான் அதைக் காலால் தேட வேண்டும் என்பதை முன்பே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது கியர். பைக்கை முதலாம் கியரில் போட்டார். கியரில் கிடந்தால் சில்லு உருளாது. நியூட்ரலில் இருந்தால் பாதி தூக்கும்போது பைக் ஓடத் தொடங்கும், பிறகு எந்தப் பலசாலியாலும் அதைப் பிடிக்க ஏலாது என்றார்.

கடைசியாகத்தான் தூக்கினார். ஹாண்டிலை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினார். பைக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சீற்றின் விளிம்பில் பின்புறத்தை அழுத்திக் குந்தினார். நிலத்தோடு கிடந்த ஹாண்டில் பிடியை ஒரு கையாலும், பின்கரியரின் கம்பியை மறுகையாலும் பிடித்தார். முதுகு நேராக இருந்தது. தொடைகளால் உந்தி, பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடி வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு மூட்டை நெல்லின் பாரம் அந்தச் சின்ன உடம்பின் பின்னால் சத்தமில்லாமல் எழுந்து நின்றது.

“எங்க மிஸ் பழகினீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“காட்டு ரோட்டில. தனியக் கிடந்து பழகினது” என்றார்.

எங்கள் ஒவ்வொருவரையும் அதே மாதிரித் தூக்க வைத்தார். எல்லாம் முடிந்ததும் இன்னொன்றும் சொன்னார். அந்த வசனத்தை நான் இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறேன்.

“ஆள் அடியில இருந்தா, அது பைக் தூக்கிற வேலையில்ல. கால வெளிய எடுக்கிற வேலை. பைக் பிறகு. ஒரு சாண் உயர்த்துங்க, உடன முட்டுக் குடுங்க. கல்லோ கட்டையோ, கைக்குக் கிடைக்கிற எதுவானாலும் சரி. திரும்பி விழுந்தாலும் அந்த ஆள்ல விழக்கூடாது. தனிய நிண்டு வீரம் காட்டாதீங்க. சத்தம் போட்டு ஆக்களக் கூப்பிடுங்க.”

இதற்காகவே ஒவ்வொருவரும் கரியரில் ஒரு வெறும் உரச் சாக்கை மடித்துக் கட்டி வைக்க வேண்டும் என்றார். சூடான சைலன்சர் காலில் பட்டுக் கிடந்தால், சாக்கை நனைத்து இடையில் செருகலாம். சூடு விட்டால் ஆள் பொறுத்திருப்பார், நமக்கும் பதட்டம் குறையும்.

அன்று கந்தோரை விட்டு வெளியே வந்ததும் நான் ஒரு பகிடி விட்டேன். “பைக்குக்கும் மருத்துவிச்சி வந்திரிக்கா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண், அதுவும் என் தோளுக்கு வராத ஒரு பெண், பாரம் தூக்கச் சொல்லித் தருவதா என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. மாதா மாதம் தூக்கிக் காட்டினேன். நன்றாகவும் தூக்கினேன். ஆனாலும் அதைக் கூட்டத்துக்கான ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் பெரும்போக நெல்வெட்டுக் காலத்தில் அது நடந்தது.

ஆதம்பாவா காக்கா வரிப்பத்தான்சேனை விவசாயிகள் சங்கத்தின் தலைவர். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர், அதனால் அண்ணன் முறையில் காக்கா என்று அழைப்பேன். விடியற்காலையில் தன்னுடைய வயலை மட்டுமல்ல, அந்த வெளி முழுவதையும் வரம்பு வரம்பாக நடந்து பார்க்கிற மனிதர். எந்தத் துண்டில் தண்ணீர் நிற்கவில்லை, எங்கே யானை இறங்கியது என்று அவரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார். அன்று பின்நேரம் மண் மாதிரி எடுப்பதற்காக நான் போயிருந்தேன். ஆறு இடத்தில் மண் தோண்டி, ஆறு பைகளில் கட்டிக் கரியரில் வைத்தோம். திரும்பும்போது அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரம்பால் வந்தேன்.

வழியில் ஒரு வக்கடை. வாய்க்கால் தண்ணீரை வயலுக்கு விடுவதற்காக வரம்பை வெட்டி வைத்திருக்கிற இடம். முதல் நாள் மழையில் அது சேறாகிக் கிடந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய இடம்.

“இறங்கட்டா சேர்?” என்றார் காக்கா.

“இரிங்க, இது பாயும்” என்றேன்.

சற்றுத் தள்ளி, நெல் அடிக்கிற களமான களவெட்டியில் நாலு பேர் சூடடித்துக்கொண்டிருந்தார்கள். போகும்போது அவர்கள் எனக்குக் கை காட்டினார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இறங்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் கியரில் முறுக்கினேன். முன்சில்லு தாண்டியது. பின்சில்லு வழுக்கியது. பைக் வலப் பக்கம் வரம்பின் சரிவில் விழுந்தது. நான் ஹாண்டிலுக்கு மேலால் வயலுக்குள் போய் விழுந்தேன். காக்காவின் வலது கால் பைக்கின் அடியில்.

நான் எழுந்து ஓடி வந்தேன். எஞ்சின் தானாகவே நின்றிருந்தது. காக்கா ஒரு முழங்கையில் ஊன்றிக்கொண்டு கிடந்தார். சைலன்சர் அவருடைய கெண்டைக்காலில் பட்டுக் கிடந்தது.

“சுடுகிது சேர்.”

“பொறுங்க காக்கா, இப்ப தூக்கிறன்.”

“தனியத் தூக்க வேணாம். களவெட்டில ஆக்கள் நிக்கிறாங்க. ஒரு சத்தம் போடுங்க.”

நான் போடவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். “சேர், கூப்பிடுங்க சேர்.”

ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு இத்தனை வருடமும் எனக்கு நானே ஒரு பதில் வைத்திருந்தேன். கால் சுட்டுக்கொண்டிருந்தது, நேரம் இருக்கவில்லை என்பது அந்தப் பதில். சுட்டது உண்மைதான். ஆனால் கரியரில் சாக்கு இருந்தது. கையெட்டும் தூரத்தில் வாய்க்கால் தண்ணீர் இருந்தது. முட்டுக் கொடுக்க ஆறு மண் பைகள் இருந்தன. ஒரு கூப்பாட்டில் நாலு பேர் வந்திருப்பார்கள். அவர்கள் வர முன்னர் எல்லாம் சரியாகிவிட வேண்டும், வரம்பில் விழுந்த உத்தியோகத்தரை அவர்கள் காணக்கூடாது. என் மனதில் இருந்தது அதுதான்.

சில்லுப் பக்கம் போய் நின்றேன். இழுக்க இலேசாக இருக்குமென்று கியரை நியூட்ரலுக்குத் தட்டினேன். மேலே நின்ற ஹாண்டில் பிடியை ஒரு கையாலும் கரியரை மறுகையாலும் பிடித்து, பழைய மாதிரி, முதுகை வளைத்து இழுத்தேன். பைக் எழும்பியது. முழங்கால் உயரத்துக்கு வந்தது. காக்கா கையை ஊன்றிப் பின்னால் நகர்ந்து, காலில் பாதியை வெளியே எடுத்தார். அந்த நேரம் முன்சில்லு உருண்டது. ஹாண்டில் என் கையில் திரும்பியது. என் செருப்பு சேற்றில் வழுக்கியது. பைக் கீழே போனது. பின்னால் இருப்பவர் கால் வைக்கிற இரும்பு, அவருடைய கீழ்க்காலின் நடுவில் விழுந்தது.

காய்ந்த மட்டையை முறித்தது போல ஒரு சத்தம். அதன்பின் காக்கா கத்தியது களவெட்டிக்குக் கேட்டது.

நாலு பேரும் ஓடி வந்தார்கள். அவர்கள் கண்டது, நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு பைக்கை மறுபடி உயர்த்த முயன்றுகொண்டிருந்ததைத்தான். ஆளுக்கொரு இடத்தில் பிடித்து உயர்த்தினார்கள். ஒருவர் காக்காவை இழுத்தெடுத்தார். கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் போட்டு அவரைக் கிடத்தி ரோட்டுக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

வேனில் அவருடைய தலை என் மடியில் இருந்தது. வந்தவர்களில் ஒருவர் சாரதியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். “சேர் தனியத் தூக்கிப் பிடிச்சிட்டு நிண்டாரு. இல்லாட்டி காக்கா எரிஞ்சி போயிரிப்பார்.” அந்தக் கதை அங்கே, அந்த வேனில்தான் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் அவர். அப்போதே நிறுத்தாமல் விட்டது நான்.

“எப்படி நடந்தது?” என்று டொக்டர் கேட்டார்.

“பைக் காலுக்கு மேல விழுந்திட்டு, டொக்டர்” என்றேன். எத்தனை தரம் என்று அவர் கேட்கவில்லை.

சூட்டுக் காயம் இரண்டு கிழமையில் ஆறிவிட்டது. எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. சத்திர சிகிச்சை செய்து, கம்பி வைத்து, பல மாதம் கிடந்து எழுந்தபோது கால் நீளம் குறைந்து கட்டையாகிவிட்டது. தார் ரோட்டில் கம்பு ஊன்றி நடப்பார். வரம்பில் நடக்க ஏலாது. வரம்பில் நடக்க ஏலாதவர் வயல் செய்வது எப்படி? காணியை மனைவியின் தம்பி செய்யத் தொடங்கினார். சங்கத் தலைமையும் வேறொருவருக்குப் போனது.

விபத்து அறிக்கையை அடுத்த நாளே எழுதிக்கொண்டு போய் மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். வக்கடையில் வழுக்கி விழுந்தது, உடன் வந்தவரின் கால் உடைந்தது, அயலில் நின்றவர்களின் உதவியோடு பைக் தூக்கப்பட்டது என்று எழுதியிருந்தேன். மிஸ் அதை இரண்டு முறை வாசித்தார். எழுந்து வெளியே போனார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்த பைக் வாசலில் நின்றது. அதைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“விழேக்க எந்தக் கியரில இருந்தது?”

“ரெண்டாம் கியர் மிஸ்.”

“இப்ப நியூட்ரல்ல நிக்குது.”

“தூக்கின ஆக்கள் மாத்தியிரிப்பாங்க மிஸ்.”

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையில் கிடந்த அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மிச்ச வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். மிஸ் பேனையை எடுத்துக் கையொப்பம் வைத்தார்.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமைகளில் பைக்கைத் தூக்கிக் காட்ட அவர் என்னைக் கூப்பிடவில்லை. வேறு எந்த வித்தியாசமும் காட்டவுமில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அவருக்கு இடமாற்றம் வந்தது. தேநீர் விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு, பைக்கில் பொருள்களைக் கட்ட நான் உதவினேன். கயிற்றை இறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். “அந்த அறிக்கைய நான் அப்படியே மேல அனுப்பிப்போட்டன். துருவிக் கேட்டிருக்க வேணும். கேக்கல்ல. அது என்ட பிழை.”

நான் கயிற்றின் மறுமுனையை முடிந்துவிட்டேன். என் பொய்யை அவரும் சுமந்துகொண்டுதான் எங்கள் மாவட்டத்தை விட்டுப் போனார். சில வருடங்களுக்கு முன் அவர் காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மிஸ் போனதும் திங்கட்கிழமைப் பயிற்சியை நான் கையில் எடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். ஸ்டாண்ட், கியர், பெற்றோல் குழாய், முட்டு என்று ஒன்றும் விடாமல் சொல்லிக் கொடுத்தேன். பிழையாகத் தூக்கியவர்களை ஏசினேன். மிஸ் ஒருநாளும் ஏசியதில்லை. “சேர் வரிப்பத்தான்சேனையில தூக்கின ஆள், அவருக்குத் தெரியும்” என்று புதியவர்களுக்கு மற்றவர்கள் சொல்லி வைப்பார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் மிஸ்ஸின் பாடத்தை நடத்தினேன்.

ஒருமுறை காலையில் பெரியநீலாவணையில் ஒரு விபத்தைக் கண்டேன். கரையிலிருந்து மீன் ஏற்றி வந்த ஒருவர் மணலில் திருப்பும்போது விழுந்து, கால் பைக்கின் அடியில் இறுகியிருந்தது. பெட்டி சரிந்து, ரோடெல்லாம் கீரி மீன். இரண்டு பேர் அவசரமாகத் தூக்கப் போனார்கள். “தொடாதீங்க” என்று கத்தினேன். சாவியைத் திருப்பினேன். கியரில் கிடக்கிறதா என்று பார்த்தேன். மீன் பெட்டியைக் கவிழ்த்து எடுத்தேன். மூன்று பேரைச் சேர்த்து ஒரு சாண் உயர்த்தச் சொல்லி, பெட்டியை அடியில் தள்ளினேன். மனிதர் காலைத் தானே இழுத்துக்கொண்டார். எழுந்து நின்று இரண்டு அடி வைத்துப் பார்த்தார்.

“ஒண்டுமில்ல தம்பி, கால் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு மீனைப் பொறுக்கத் தொடங்கினார்.

அங்கே நின்றவர்கள் என்னைப் பாராட்டினார்கள். நான் சற்றுத் தூரம் போய், பைக்கை நிறுத்திவிட்டு, ஒரு மதில் ஓரம் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதர் இரண்டு அடி வைத்தது என் கண்ணில் நின்றது.

ஆதம்பாவா காக்காவைப் பார்க்க வருடத்தில் இரண்டு மூன்று தடவை போவேன். ஒவ்வொரு பெருநாளைக்கும் போவேன். அவர் வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டிச் சொல்வார். “இவருதான் என்னக் காப்பாத்தின சேர். வாப்பா பிள்ளையத் தூக்கின மாதிரித் தூக்கின.” விழுந்தபோதே கால் உடைந்துவிட்டது என்றுதான் அவர் நம்பியிருந்தார். சூடு, பயம், பிறகு வந்த வலி எல்லாம் ஒன்றாகக் கலந்து, நடந்த ஒழுங்கு அவருடைய நினைவில் இல்லை. அவர் அப்படிச் சொல்லும்போது நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன். அது என் அடக்கம் என்று அவர் நினைத்தார்.

ரிஸ்னா அழைத்த அடுத்த கிழமை அவரிடம் போனேன். லுஹர் தொழுதுவிட்டு முன்வாசலில் கதிரையில் இருந்தார். அவருடைய மனைவி ஆசியா ராத்தா தேத்தண்ணி கொண்டு வந்தார். நான் குடிக்கவில்லை.

“காக்கா, ஒரு விஷயம் சொல்ல வந்திரிக்கன். முப்பது வருஷத்துக்கு முந்திச் சொல்லியிரிக்கணும்.”

சொன்னேன். இங்கே எழுதிய ஒழுங்கிலேயே, எதையும் குறைக்காமல் சொன்னேன். வக்கடையில் அவர் இறங்கட்டா என்று கேட்டது, நான் வேண்டாம் என்றது, நியூட்ரலுக்குத் தட்டியது, சில்லு உருண்டது, இரும்பு விழுந்தது. அவருடைய கை மட்டும் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது.

“அப்ப, விழுந்த நேரம் கால் உடையல்லயா?”

“இல்ல காக்கா. விழுந்த நேரம் சூடு மட்டும்தான். நான் தூக்கி விட்டதிலதான் உடைஞ்ச.”

“ஆக்களக் கூப்பிடுங்க எண்டு நான் சொன்ன மாதிரி ஒரு ஞாவகம் இரிக்கி. ஆஸ்பத்திரில கெடக்கக்குள்ள யோசிச்சன், அது கனவாக்கும் எண்டு.”

“கனவில்ல. சொன்னீங்க. ரெண்டு தரம் சொன்னீங்க.”

அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசியா ராத்தா கதவு நிலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் உங்கட பேரச் சொல்லி துஆக் கேட்டிரிக்கன் சேர்” என்றார் ராத்தா.

“மாப்புக் கேக்கத்தான் வந்தன்” என்றேன். அந்த வார்த்தை வாயில் இருந்து வெளியே வந்ததும் மிகச் சின்னதாக இருந்தது.

காக்கா கம்பை ஊன்றி எழுந்தார். முற்றத்தில் அவருடைய மருமகனின் பைக் நின்றது. அதைக் காட்டினார்.

“செய்து காட்டுங்க சேர்.”

“என்னத்த காக்கா?”

“எப்பிடித் தூக்கியிரிக்கணும் எண்டு. நான் பாக்கணும்.”

பைக்கை வலப் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன். காக்கா ஆசியா ராத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தன்னுடைய கம்பைப் பைக்கின் கீழே தள்ளினார். அது போதாதென்று இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

“என்ட கால் இப்பிடித்தான் கெடந்த.”

“ஓம்.”

சாவியைப் பார்த்தேன். பெற்றோல் குழாயை மூடினேன். சைட் ஸ்டாண்டை இழுத்து விட்டேன். முதலாம் கியரில் போட்டேன். ஒவ்வொன்றையும் செய்யும்போது அவருக்கு வாயாலும் சொன்னேன். முற்றத்து ஓரத்தில் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்துக் கம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு முதுகைக் காட்டிக் குந்தி, தொடையால் உந்தினேன். அறுபத்து மூன்று வயதில் ஒரே மூச்சில் ஒரு சாண்தான் உயர்த்த முடிந்தது.

“கல்லத் தள்ளுங்க காக்கா.”

அவர் காலால் தள்ளினார். நல்ல காலால். கல் அடியில் போனது. நான் பாரத்தை மெதுவாக இறக்கினேன். பைக் கல்லில் உட்கார்ந்தது. காக்கா குனிந்து கம்பைப் பிடித்தார். எந்தத் தடையுமில்லாமல் அது வெளியே வந்தது.

அவர் கம்பையும் பார்த்தார், கல்லையும் பார்த்தார்.

“இவ்வளவுதானா சேர்?”

“இவ்வளவுதான் காக்கா.”

சாறனின் நுனியால் கம்பில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். துடைத்து முடிய நிறைய நேரம் எடுத்தது. பிறகு அதை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார். ஆசியா ராத்தாவும் பின்னால் போனார். கதவைச் சாத்தவில்லை. ஆனால் யாரும் திரும்பி வரவுமில்லை.

பைக் இன்னும் கல்லின்மேல் சாய்ந்து கிடந்தது. மூச்சு ஆறும்வரை நின்றேன். பிறகு குந்தி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்து, அதை முறைப்படி தூக்கி நிறுத்தினேன். அதைப் பார்க்க முற்றத்தில் யாரும் இருக்கவில்லை.